மௌலா அலியில் பதில் சொல்லாத திரை

கூட்ட அறை மேஜையில் இருக்கும் டச் பேனலில் ‘டிஸ்ப்ளே இணைப்பில் இல்லை’ என்று வந்துவிட்டால் முதலில் அடி வாங்குவது அந்தப் பேனல்தான். ஒருவர் அழுத்திப் பார்ப்பார். அடுத்தவர் இன்னும் பலமாக அழுத்துவார். வேறொருவர் வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகுவார். கடைசியில் பேனல் போய்விட்டது என்று ஸ்டோர்ஸுக்கு இண்டென்ட் எழுதிவிடுவார்கள். கூட்ட அறைகளுக்கும் பயிற்சிக் கூடங்களுக்கும் திரை, ஒலி, கட்டுப்பாட்டுக் கருவிகள் பொருத்தித் தரும் இந்த ஏவி வேலையில் நான் பார்த்தவரை, பழுது பேனலில் இருந்த சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. நல்ல பேனலைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, அதே பழுதோடு புதுப் பேனலை மாட்டி வைத்திருந்த அறைகளைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலான அறைகளில் பேனல் திரையோடு நேரடியாகப் பேசுவதே இல்லை. விரல் அழுத்தியதைப் பேனல் நெட்வொர்க் வயர் வழியாக, கருவிகளை அடுக்கும் ராக்கில் இருக்கும் கண்ட்ரோலருக்குச் சொல்கிறது. கண்ட்ரோலர் அதைத் திரைக்குப் புரியும் கட்டளையாக மாற்றி, நெட்வொர்க் வழியாகவோ சீரியல் வயர் வழியாகவோ அனுப்புகிறது. சில பழைய அறைகளில் திரையின் ஓரத்தில் ஒட்டிய சின்ன ஐஆர் கண் வழியாகவும் போகும். திரை கட்டளையை ஏற்றுக்கொண்டதா, எரிந்ததா என்ற பதில் வந்த வழியே திரும்பிப் பேனலுக்கு வர வேண்டும். இதில் எந்த இடத்தில் அறுந்தாலும் பேனல் காட்டுவது அந்த ஒரே வாக்கியம்தான்.

அதனால் அறைக்குள் போனதும் அதே பேனலில் விளக்கை மங்கவைத்துப் பார்ப்பேன், மைக் ஒலியைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பேன். அவை கேட்டால் பேனல் நலம், பேனலிலிருந்து கண்ட்ரோலர் வரை பாதை நலம், கண்ட்ரோலரும் விழித்திருக்கிறது. அடுத்து ரிமோட்டை வாங்கித் திரையை எரியவைப்பேன். எரிந்தால் திரைக்கும் உயிர் இருக்கிறது. மிச்சம் தேட வேண்டியது கண்ட்ரோலருக்கும் திரைக்கும் நடுவில் மட்டும். கருவி எதையும் பையிலிருந்து எடுக்கும் முன்பே இவ்வளவும் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் நேராக லேப்டாப்பைத் திறக்கும் பையன்களை நான் தடுத்து நிறுத்துவேன்.

இந்த வேலையில் எனக்கு அதிகம் கற்றுத்தந்த பழுது மௌலா அலியில் ஒரு தனியார் நிறுவனத்தின் பயிற்சிக் கூடத்தில் கிடைத்தது. செகந்திராபாத்துக்குக் கிழக்கே, குதுப் ஷாஹி காலத்துத் தர்காவைத் தலையில் தாங்கிய பாறைக் குன்று. அடிவாரத்தில் 1824இல் மறைந்த உருதுக் கவிஞர் மாஹ் லகா பாயின் கல்லறை. குன்றைத் தாண்டினால் முழுக்க முழுக்கத் தொழிலாளர்களின் ஊர். ரயில்வேயின் லோகோ ஷெட்டும் மண்டலப் பயிற்சி நிறுவனமும் இங்கே இருக்கின்றன. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் 1971இல் தொடங்கிய அணு எரிபொருள் வளாகமும், 1967இல் தொடங்கிய ஈசிஐஎல் நிறுவனமும். ஹைதராபாத் என்றதும் ஹைடெக் சிட்டியின் கண்ணாடிக் கட்டடங்களை நினைக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கிழக்குப் பக்கம் அவ்வளவாகத் தெரியாது. எண்பதுகளில் இந்தியாவின் பல வீடுகளில் ஓடிய ‘ஈசி’ டிவி பிறந்தது இந்தப் பக்கத்தில்தான். திரைக்கும் இந்த மண்ணுக்கும் அப்படி ஒரு பழைய உறவு உண்டு.

அந்தக் கூடத்தின் முன்சுவரில் பெரிய திரை, மேஜையில் டச் பேனல், பின்சுவரை ஒட்டிய அலமாரியில் ராக். பழுது நெடுநாளாக வந்து போய்க்கொண்டிருந்தது. எனக்கு முன் வந்தவர்கள் ஒரு முறை கண்ட்ரோலரின் புரோகிராமை மாற்றியிருக்கிறார்கள், ஒரு முறை பேனலையே மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சரியாகி, சில வாரங்களில் மறுபடி வந்திருக்கிறது. நிர்வாகப் பிரிவு அதிகாரி என்னிடம், “கரண்ட் போய் வந்தால் இந்தப் பிரச்சினை வருகிறது, ஸ்டெபிலைசர் போட்டுக் கொடுங்கள்” என்றார். அவர் தாமாகவே நோயையும் மருந்தையும் முடிவு செய்து வைத்திருந்தார்.

நான் போய் நின்றது அந்த அறையைத் தினமும் திறந்து மூடும் அட்டெண்டரிடம். வயதானவர். இந்த ஊர் வழக்கப்படி நான் அவரைச் சாச்சா என்றேன், அவர் என்னைப் பேட்டா என்றார். அவர் பேசிய தக்கனி உருதுவைத் தமிழில் சொல்கிறேன்.

“பேட்டா, இது ஒரு வியாதி இல்ல, ரெண்டு வியாதி. கரண்ட் போய் வந்தா காலைல கெடும், மதியத்துக்குள்ள தானா சரியாகிடும். நான் டிவி பிளக்கை அணைச்சுப் போட்டா உடனே சரியாகிடும். இன்னொண்ணு இருக்கு. லீவு முடிஞ்சு, வெளியூர்ல இருந்து பயிற்சிக்குப் பசங்க வர்ற அன்னிக்கு வரும். அன்னிக்குப் பிளக்கை அணைச்சுப் போட்டாலும் ஒண்ணும் ஆகாது. யாராவது வந்து கம்ப்யூட்டர்ல தட்டினாத்தான் சரியாகும்.”

“பசங்க எதையாவது தொட்டுடறாங்களா சாச்சா?”

“இல்ல பேட்டா. அவங்க உட்கார்றதுக்கு முன்னாடியே கெட்டிருக்கும்.”

இதுவரை வந்தவர்கள் யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவரும் தானாகச் சொல்லவில்லை, அவர் சொல்லி யார் கேட்டிருப்பார்கள்? ஆனால் எந்த மீட்டரும் தராத தகவல் இது. ஒரே வாக்கியத்தின் பின்னால் இரண்டு வெவ்வேறு பழுதுகள் ஒளிந்திருக்கின்றன என்பதையும், ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறியும் சோதனையையும் அவரே கையில் கொடுத்துவிட்டார்.

இரண்டாவதாக அவர் சொன்ன வியாதியை முதலில் எடுத்துக்கொண்டேன். அடுத்த பயிற்சி தொடங்கும் திங்கட்கிழமை காலையிலேயே போய் உட்கார்ந்தேன். சொன்னபடியே வந்தது. கண்ட்ரோலரின் புரோகிராமில் எழுதியிருந்த திரையின் ஐபி முகவரிக்கு லேப்டாப்பிலிருந்து ‘பிங்’ கொடுத்தேன். பதில் வந்தது. பிங் என்பது மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983இல் எழுதிய சின்ன நிரல். அங்கே யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கும், இருப்பவர் ஆம் என்பார். அங்கே இருந்த ஐடி பையன், “பாருங்க சார், நெட்வொர்க் சரியா இருக்கு, உங்க பேனல்தான்” என்றான். பலரும் தடம் மாறுவது இந்த இடத்தில்தான். அந்த முகவரியில் யாரோ ஒருவர் இருக்கிறார் என்பதைத்தான் பிங் சொல்லும். இருப்பவர் திரைதானா என்பதைச் சொல்லாது.

லேப்டாப்பில் ஏஆர்பி பட்டியலைத் திறந்தேன். எந்த ஐபி முகவரிக்குப் பின்னால் எந்த மேக் முகவரி இருக்கிறது என்று அதில் தெரியும். மேக் முகவரி கருவி செய்யப்படும்போதே அதில் எழுதப்படுவது. அதன் முதல் பாதி எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பதைக் காட்டும். திரையின் முகவரியில் உட்கார்ந்திருந்தது ஒரு லேப்டாப் நிறுவனத்தின் எண். பயிற்சிக்கு வந்த யாரோ ஒருவரின் லேப்டாப் பணிவாக “இருக்கிறேன்” என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. கண்ட்ரோலர் அதனிடம் திரையை எரியவைக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். திரைக்கு நிலையான முகவரி எதுவும் கொடுக்கப்படவில்லை. எரியும்போது ரவுட்டர் தருகிற முகவரியை டிஹெச்சிபி முறையில் வாங்கிக்கொள்ளும். அந்த ரவுட்டரில் ஒரு முகவரியின் குத்தகை ஒரு நாள். திரை மின்சாரத்தில் இருக்கும்வரை குத்தகையைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் தீ விபத்துப் பயத்தால், விடுமுறை நாளில் எல்லாப் பிளக்கையும் அணைத்துவிட்டுப் போக வேண்டும் என்று அந்த அலுவலகத்தில் உத்தரவு இருந்தது. சனி மாலை அணைத்த திரை திங்கள் காலை விழிப்பதற்குள் குத்தகை முடிந்துவிடும். சாதாரணத் திங்கட்கிழமைகளில் பழைய முகவரி காலியாகவே இருக்கும், திரை கேட்டால் அதே கிடைக்கும். பயிற்சி தொடங்கும் திங்களில் சாச்சா திரையின் பிளக்கைப் போடுவதற்கு முன்பே லேப்டாப்களோடு கூட்டம் வராந்தாவில் வந்து உட்கார்ந்து வைஃபையைப் பிடித்துவிடும். முகவரிகளோ கொஞ்சம்தான். திரையின் பழைய முகவரி யாருக்காவது போய்விடும். திரைக்கு வேறொன்று கிடைக்கும். கண்ட்ரோலர் பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கும். இதற்கு முன் வந்தவர்கள் புரோகிராமில் அன்றைய புதிய முகவரியை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த பயிற்சி வரை அது தாங்கியிருக்கிறது.

இதற்கு இரண்டு வைத்தியம் உண்டு. திரையின் மெனுவிலேயே நிலையான முகவரியை எழுதுவது ஒன்று. ரவுட்டரில் இந்த மேக் முகவரிக்கு எப்போதும் இந்த ஐபி என்று ஒதுக்கி வைப்பது மற்றொன்று. நான் இரண்டாவதையே விரும்புவேன். திரையை யாராவது ஃபேக்டரி ரீசெட் செய்தால் மெனுவில் எழுதியது போய்விடும், ரவுட்டரில் எழுதியது நிற்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இப்போதைய திரைகளுக்கு வயருக்கு ஒரு மேக் முகவரி, வைஃபைக்கு வேறொன்று. பின்புற ஸ்டிக்கரில் இருப்பதைப் பார்த்து எழுதாமல், திரையின் மெனுவில் வயர் இணைப்புக்கு எது என்று பார்த்துத்தான் எழுத வேண்டும். விருந்தினர் வைஃபையை வி-லேன் என்ற தனி நெட்வொர்க் பிரிவுக்கு மாற்றும்படியும் ஐடி பிரிவிடம் சொன்னேன். அதைச் செய்ய அவர்களுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது, ஆனால் செய்தார்கள்.

முதல் வியாதி இதைவிட ஆழமானது. கரண்ட் போய் வந்தால் கெடும், மதியத்துக்குள் தானாகச் சரியாகும் என்கிறார். தானாகச் சரியாகும் பழுது என்றால் எங்கோ ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று அர்த்தம். திரையின் பிளக் பாயிண்ட் கட்டடத்தின் பெரிய யுபிஎஸ்ஸில் இருந்தது. ராக் நேர் மின்சாரத்தில் இருந்தது. ராக்குக்குக் கீழே ஒரு சின்ன யுபிஎஸ் இருந்தது, ஆனால் அதன் பேட்டரி உப்பிச் செத்துக் கிடந்தது. ஆக, கோடை இடிமழையில் ஒரு நொடி கரண்ட் துடித்தால்கூடத் திரை அணையாமல் நிற்கும், கண்ட்ரோலர் விழுந்து எழும்.

அந்தத் திரை ஒரு சமயத்தில் ஒரே ஒரு கட்டுப்பாட்டு இணைப்பைத்தான் ஏற்கும். பல திரைகள் அப்படித்தான். கண்ட்ரோலர் திடீரென்று விழுந்தபோது “போய் வருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. திரையைப் பொறுத்தவரை பழைய இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. எழுந்து வந்த கண்ட்ரோலர் புது இணைப்புக் கேட்டால், ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்று திரை மறுத்துவிடுகிறது. பேசாமல் கிடக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிப்பதற்கு ‘கீப்-அலைவ்’ என்ற ஏற்பாடு உண்டு. இணைய விதிகளை வகுத்த 1989ஆம் ஆண்டு ஆவணம் அந்தச் சோதனைக்கான இயல்பான இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. நெட்வொர்க்கை வீணாக அலைக்கழிக்கக் கூடாது என்பதற்காக அன்று போட்ட விதி. காலை கரண்ட் துடித்தால் மதியத்துக்குள் திரை பழைய இணைப்பைக் கைவிடும், கண்ட்ரோலர் உள்ளே வரும். சாச்சா சொன்ன மதியக் கணக்கு துல்லியமாகப் பொருந்தியது. பிளக்கை அணைத்துப் போட்டால் உடனே சரியானதற்கும் இதுவே காரணம். அணைத்ததும் திரை பழைய இணைப்பை மறந்துவிடுகிறது.

சின்ன யுபிஎஸ்ஸுக்குப் புதுப் பேட்டரி போட்டேன், பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ராக்கையும் கட்டட யுபிஎஸ்ஸுக்கே மாற்றினோம். திரையும் கண்ட்ரோலரும் ஒன்றாக விழுந்து ஒன்றாக எழ வேண்டும், அல்லது இரண்டும் விழவே கூடாது. இதை வயரிங் வரைபடம் போடும்போதே செய்திருக்கலாம், செலவு ஒரு சில மீட்டர் வயர். மின்சாரம் வேறு கான்ட்ராக்டர், ஏவி வேறு கான்ட்ராக்டர் என்று பிரித்துக் கொடுக்கும் இடங்களில் இருவரும் ஒரு மேஜையில் உட்காருவதே இல்லை. நான் இப்போது வேலை ஏற்கும்போதே திரை பாயிண்டும் ராக் பாயிண்டும் மின் பலகையின் எந்த எம்சிபி சுவிட்சிலிருந்து வருகின்றன என்று எழுதி வாங்கிக்கொள்கிறேன்.

அதோடு விட எனக்கு மனம் வரவில்லை. நெட்வொர்க் ஒன்றையே நம்பியிருக்கும் திரைக்கு இரண்டாவது வழி ஒன்று இருந்தால் நல்லது. இணைப்பு, முகவரி, குத்தகை என்ற எந்தத் தொல்லையும் இல்லாத பழைய வழி ஒன்று இருக்கிறது. ஆர்எஸ்-232 என்ற சீரியல் முறை, 1960இல் தரப்படுத்தப்பட்டது. போகும் வயர், வரும் வயர், கிரவுண்ட் என்று மூன்றே கம்பிகள். பெரும்பாலான பெரிய வணிகத் திரைகளில் இன்னும் அதற்கு ஒரு துளை வைத்திருக்கிறார்கள். அந்தக் கூடத்தில் ராக்கிலிருந்து திரைக்குப் படம் கொண்டுபோக ஏற்கெனவே ஹெச்டிபேஸ்-டி பெட்டிகள் இரண்டு இருந்தன. 2010இல் வந்த அந்த முறை ஒரே கேட்-6 வயரில் நூறு மீட்டர் வரை படத்தையும் ஒலியையும் கொண்டுபோகும், சீரியல் கட்டளையையும் சேர்த்துத் தூக்கிச் செல்லும். திரைக்குப் பின்னால் இருந்த பெட்டியில் சீரியல் துளை தூசு படிந்து கிடந்தது, யாரும் பயன்படுத்தவில்லை. அங்கிருந்து திரைக்கு ஒரு மீட்டர் வயர் போதும்.

ராக்கிலிருந்தே நீளமாக மூன்று கம்பி இழுக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஹைதராபாத்தில் நான் வேண்டாம் என்றே சொல்வேன். விதிப்படி பதினைந்து மீட்டர்தான் என்பது ஒரு காரணம். நம் ஊர் வண்டலும் களிமண்ணும் போல இல்லை இந்த நிலம் என்பது இன்னொரு காரணம். மௌலா அலிக் குன்றைப் பார்த்தாலே தெரியும், அடியெல்லாம் கருங்கல். கரியும் உப்பும் கொட்டி எர்த் குழி போட்டாலும் பாறை ஈரத்தைப் பிடித்து வைக்காது, கோடையில் எர்த்தின் தடை ஏறிவிடும். இரண்டு வெவ்வேறு எர்த்தில் இருக்கும் கருவிகளை நீளமான சீரியல் வயரின் கிரவுண்ட் கம்பியால் இணைத்தால், இடி இறங்கும் நாளில் வித்தியாசம் முழுவதும் அந்த மெல்லிய கம்பியில் பாயும். கண்ட்ரோலரின் சீரியல் போர்ட் வெந்து போகும். அப்படி வெந்த போர்ட்டுகளை நான் நிறையவே மாற்றியிருக்கிறேன். ஆகவே நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் பார்க்காமல் நான் இரண்டு கருவிகளைக் கம்பியால் கட்டுவதில்லை.

சீரியலில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் கம்பி மாறுவது. ஒருவர் பேசும் கம்பி மற்றவர் கேட்கும் கம்பியில் சேர வேண்டும். சில துளைகளில் அந்த மாற்றம் உள்ளேயே செய்யப்பட்டிருக்கும், சிலவற்றில் இருக்காது. புத்தகத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மல்ட்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துக் கருப்பு முனையைக் கிரவுண்டில் பிடித்து, சிவப்பு முனையால் மற்ற இரண்டு பின்களையும் தொட்டுப் பாருங்கள். பேசாமல் சும்மா இருக்கும்போதும் பேசும் கம்பியில் எதிர்மறை வோல்டேஜ் இருக்கும், ஐந்துக்கு மேல், பல நேரம் பத்தை ஒட்டி. கேட்கும் கம்பியில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. திரையின் பக்கமும் பெட்டியின் பக்கமும் இப்படிப் பார்த்துவிட்டால், எதிர்மறை காட்டியதை ஒன்றும் காட்டாததோடு சேர்த்துவிடலாம். இரண்டு பக்கமும் ஒரே பின்னில் எதிர்மறை வந்தால் கம்பியை மாற்றிச் சாலிடர் வைக்க வேண்டும். எந்தத் திரையிலும் இது தவறியதில்லை. வேகம் 9600 என்றால் இரண்டு பக்கமும் 9600. பிறகு திரையின் மெனுவில் கட்டளை வயர் வழியா நெட்வொர்க் வழியா என்று கேட்கும் அமைப்பு ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல வணிகத் திரைகளில் நெட்வொர்க் என்று வைத்திருந்தால் சீரியல் வயரைத் திரை திரும்பிக்கூடப் பார்க்காது.

வேறு அறைகளில் அடிக்கடி வரும் இன்னொரு பழுதையும் சொல்லிவிடுகிறேன். பேனலில் அணைத்தால் அணையும், எரியவைத்தால் எரியாது. அணைந்ததும் மின்சாரம் மிச்சம் பிடிக்கத் திரை தன் நெட்வொர்க் காதையும் மூடிக்கொண்டுவிடுகிறது. மெனுவில் ‘நெட்வொர்க் ஸ்டாண்ட்பை’ என்றிருப்பதை இயக்கினால் தீரும். புது மென்பொருள் ஏற்றும்போது சில நேரம் அது தானாக அணைந்துவிடுவதால், நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை என்று அழைப்பு வரும்.

இப்போது எனக்கு இந்த மௌலா அலி வேலையில் முக்கியமாகத் தோன்றுவதற்கு வருகிறேன். அங்கே இரண்டு பழுதுகளை நான் சரிசெய்தேன் என்பதைவிட, பேனலில் வரும் அந்த வாக்கியத்தை மாற்றி எழுதியதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். ‘டிஸ்ப்ளே இணைப்பில் இல்லை’ என்ற ஒரே வாக்கியம்தான் அந்த அலுவலகத்தை இவ்வளவு காலம் அலையவைத்தது. கண்ட்ரோலருக்கு உண்மை தெரியும். முகவரியில் ஒருவரும் இல்லையென்றால் அது ஒரு விதமாகத் தெரியும். ஆள் இருந்தும் இணைப்பை மறுத்தால் வேறு விதமாகத் தெரியும். இணைப்பு கிடைத்தும் கட்டளைக்குப் பதில் வராவிட்டால் இன்னொரு விதம். புரோகிராம் எழுதியவர் மூன்றையும் ஒரே சிவப்பு வாக்கியத்தில் கொட்டிவிட்டார்.

இந்த விஷயத்தில் மௌலா அலியிலேயே நல்ல முன்மாதிரிகள் உண்டு. இங்குள்ள ரயில்வே பயிற்சி நிறுவனத்தில் ஸ்டேஷன் மாஸ்டர்கள் பயிற்சி பெறுகிறார்கள். அவர்கள் கையாளப்போகும் கட்டுப்பாட்டுப் பேனலில், பாயிண்டை மாற்றப் பொத்தானை அழுத்தியதும் மாறிவிட்டது என்று விளக்கு எரிவதில்லை. தண்டவாளத்தின் ஓரத்தில் இருக்கும் மோட்டார் நகர்ந்து, நாக்குத் தண்டவாளம் சரியாகப் பொருந்திவிட்டது என்று அங்கிருந்து செய்தி திரும்பி வந்த பிறகே குறி நிலைத்து நிற்கும். வராதவரை சிக்னல் சிவப்பிலேயே இருக்கும். விரல் என்ன கேட்டது என்பதல்ல, தொலைவில் உண்மையில் என்ன நடந்தது என்பதே பேனலில் தெரிய வேண்டும் என்பது அவர்களுக்கு உயிர்ச் சட்டம். ஈசிஐஎல் செய்யும் வாக்குப்பதிவு இயந்திரத்திலும் அதே ஒழுங்குதான். அதிகாரியிடம் இருக்கும் கட்டுப்பாட்டு அலகும் வாக்காளர் முன் இருக்கும் வாக்கு அலகும் ஐந்து மீட்டர் வயரால் இணைந்தவை. அந்த வயர் சரியாகச் செருகப்படவில்லை என்றால் கட்டுப்பாட்டு அலகு, தொடர்பில் பிழை என்று தெளிவாகக் காட்டும். அதிகாரி எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை.

எங்கள் தொழிலில் இதற்கு நேர் எதிரான பழக்கம் ஒன்று இருக்கிறது. ‘ஆன்’ பொத்தானை அழுத்தியதுமே பேனலில் பச்சை எரியும்படி எழுதிவிடுகிறார்கள். திரையிடம் கேட்பதே இல்லை. திரை இருட்டாக இருக்கும், பேனல் பச்சை காட்டும். இதை நான் பொய் என்றே சொல்வேன். ப்ரொஜெக்டர்களுக்கென ஜப்பானியத் தொழில்துறைச் சங்கம் வகுத்த பிஜே-லிங்க் என்ற பொது முறையில், நிலை என்ன என்று கேட்டால் வெறும் ‘ஆன்’, ‘ஆஃப்’ மட்டும் வராது. ஓய்வில் இருக்கிறேன், எரிகிறேன், குளிர்கிறேன், சூடேறுகிறேன் என்று நான்கு விதமாகப் பதில் வரும். அந்தப் பதில் இருக்கும்போது அதைப் படித்துப் பேனலில் காட்டாமல் இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. குளிர்ந்துகொண்டிருக்கும் ப்ரொஜெக்டரிடம் எரியச் சொல்லித் திரும்பத் திரும்ப அழுத்தும் பேராசிரியரின் கோபத்துக்குக் காரணம் இந்தச் சோம்பல்தான்.

ஆகவே கூடத்தின் புரோகிராமில் அரை நிமிடத்துக்கு ஒரு முறை திரையிடம் நிலை கேட்கும்படி எழுதினேன். பதில் வந்தால் மட்டுமே பேனலில் நிலை மாறும். ‘திரையின் முகவரியில் யாரும் இல்லை: பிளக்கையும் நெட்வொர்க் வயரையும் பார்க்கவும்.’ ‘திரை இணைப்பை மறுக்கிறது: திரையை ஒரு முறை அணைத்துப் போடவும்.’ ‘திரை கட்டளைக்குப் பதில் தரவில்லை: சீரியல் வழிக்கு மாறுகிறது.’ இந்த மூன்று வாக்கியங்களையும் சாச்சா படிக்கும்படி உருதுவிலும், தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் போட்டோம். ராக்கின் கதவு உட்புறத்தில் ஒரு தாளை லேமினேட் செய்து ஒட்டினேன். திரையின் ஐபி, மேக் முகவரி, சீரியல் வேகம், எந்த எம்சிபி, எந்த ஸ்விட்ச் போர்ட், எல்லாம் அதில் இருக்கிறது. அந்த அலுவலகத்திலிருந்து அதன் பிறகும் அழைப்பு வந்திருக்கிறது. ஆனால் ‘பேனல் வேலை செய்யவில்லை’ என்று யாரும் சொல்வதில்லை. எந்த வாக்கியம் வந்திருக்கிறது என்று படித்துச் சொல்கிறார்கள். பாதி நேரம் போனிலேயே முடிந்துவிடுகிறது.

பள்ளியிலோ கல்லூரியிலோ அலுவலகத்திலோ இப்படியொரு அறையை நீங்கள் கட்டிக்கொண்டிருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடைசி பில்லில் கையெழுத்துப் போடும் முன், திரையின் பின்னால் இருக்கும் நெட்வொர்க் வயரை உங்கள் எதிரில் பிடுங்கச் சொல்லுங்கள். பிறகு ராக்கின் மின்சாரத்தை ஒரு நொடி அணைத்துப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் பேனலில் என்ன வருகிறது என்று, அந்த அறையைத் தினமும் திறக்கப்போகிறவரைப் பக்கத்தில் நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள். அவருக்குப் புரிந்தால் பில்லைக் கொடுங்கள்.